பாவித்த சாமான் ஏலம்: தேடிப் பார்த்ததால விலை இறங்கிச்சா, ஏறிச்சா? உங்க அனுபவம் சொல்லுங்க

மூடுபனி (நுவரெலியா):
இங்க கெமரா வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும், லென்ஸுக்குப் பூஞ்சணம்தான் எமன். அதனால ஈபே ஏலத்துல நான் முதல்ல பார்க்கிறது கண்ணாடியை, விலையை அப்புறம்தான். இங்கிலாந்துக்காரர் ஒருத்தர் "தாத்தாவின் பழைய ரஷ்ய லென்ஸ்"னு மட்டும் எழுதி ஒண்ணு போட்டிருந்தார். படத்தைப் பெருசாக்கிப் பார்த்தா, வளையத்துல ஹீலியோஸ் 44-2. பின்னணி சுழல்ற மாதிரி விழும், அதுக்காகவே தேடி வாங்குறாங்க. பெயரைப் போட்டுத் தேடுறவங்க கண்ணுல இந்த ஏலம் பட்டிருக்காது. விற்று முடிஞ்ச ஏலங்களோட விலையை ஏற்கனவே பார்த்து வச்சிருந்தேன் (விற்கிறவங்க கேட்கிற விலையைப் பார்க்காதீங்க, அது ஆசை விலை). அதுல பாதிக்குக் கிட்ட எனக்கு விழுந்தது.

அதே லென்ஸ் மச்சானுக்கும் வேணும்னார். வேற ஆள் விற்றது. பெயர் சரியா இருந்தது, படம்தான் மங்கல். யாரும் பெருசா கேட்கல. மச்சான், பின்பக்கமா டோர்ச் அடிச்சு ஒரு படம் எடுத்து அனுப்புங்கன்னு எழுதினார். அவரும் நல்ல மனுஷன், எடுத்து அனுப்பினார். அனுப்பினதோட விடாம ஏல விவரத்துலயும் சேர்த்துட்டார்! உள்ளுக்குப் பூஞ்சணம் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு. பயந்து ஒதுங்கி நின்னவங்க எல்லாம் இறங்கினாங்க. மச்சான் கேட்ட படத்தைப் பார்த்து வேற யாரோ லென்ஸைக் கொண்டு போனாங்க.

பொருளியல் வாத்தி (அட்டன்):
அண்ணே, மச்சான் கதையை உயர்தர வகுப்புல சொல்லப் போறேன். ஜோர்ஜ் அக்கர்லொஃப்ங்கிற பொருளியலாளர் 1970ல பாவித்த கார்களை வச்சு எழுதினது இதைத்தான்: நல்லதையும் கெட்டதையும் பிரிச்சுப் பார்க்க முடியாதவன் சந்தேகத்தைக் கழிச்சுத்தான் விலை சொல்லுவான். அந்தக் கழிவை டோர்ச் படம் இல்லாமப் பண்ணிருச்சு.

இன்னொண்ணு. ஈபேல நீங்க எவ்வளவு உச்ச விலை போட்டு வச்சாலும், கட்டுறது ரெண்டாவது ஆளோட விலைக்கு ஒரு படி மேலதான். அதனால நீங்க எவ்வளவு தேடினீங்கங்கிறதை விட, ரெண்டாவது ஆள் எவ்வளவு தேடினாருங்கிறதுதான் நீங்க கட்டுற விலை. ரஷ்ய லென்ஸ்ல அப்படி ஒரு ஆளே இல்ல.

வேன்காரன் (பண்டாரவளை):
2020ல வாகன இறக்குமதியை நிறுத்துறதுக்கு முந்தி, முகவர் மூலமா ஜப்பான் ஏலத்துல வேன் கேட்டோம். அங்க பரிசோதனைச் சீட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான். ஏ1ன்னா சின்னக் கீறல், எக்ஸ்எக்ஸ்ன்னா மாத்தின பொடித் தகடு, தரம் ஆர்ன்னா விபத்துப்பட்டுச் செஞ்ச வண்டி. இதை எல்லாரும் வாசிக்கிறதால சுத்தமான வண்டி மலிவா விழவே விழாது. வித்தியாசம் இருக்கிறது, பரிசோதகர் கையால ஜப்பானிய மொழியில எழுதுற குறிப்புலதான். முகவர் அதை மொழிபெயர்க்கவே இல்ல. ஜப்பான்ல வேலை செஞ்சு வந்த தம்பி ஒருத்தன் வாசிச்சுட்டு, "அடிப்பக்கம் துருண்ணே"ன்னான். விட்டுட்டோம். தரம் 4 (நல்ல நிலைன்னு அர்த்தம்) போட்ட வண்டி, நாங்க நினைச்சதுக்கு மேலயே போச்சு. வாங்கினவருக்கு வாசிச்சுச் சொல்ல ஆள் இல்ல போல.

தையல்கடை அக்கா (தலவாக்கலை):
நான் பழைய சிங்கர் மெஷின் உதிரிப்பாகம் கேட்கிறவ. தம்பிமாரே, நீங்க ஏலம் கேட்கிறதே மத்தவங்களுக்குத் துப்பு. விஷயம் தெரிஞ்சவ முந்திக் கேட்டா, "இவளே கேட்கிறா, நல்லதாத்தான் இருக்கும்"னு பின்னால வருவாங்க. ஈபே ஏலம் சொன்ன நேரத்துக்கு முடியும். அமேசன் ஏலம் நடத்தின காலத்துல, கடைசியா ஒருத்தர் கேட்டா நேரம் இன்னும் 10 நிமிஷம் நீளும். ரெண்டையும் ஒப்பிட்டு ரோத், ஒக்கன்ஃபெல்ஸ்னு ரெண்டு பொருளியலாளர்கள் 2002ல எழுதினாங்க. கடைசி நேரத்துல பாஞ்சு விலை கேட்கிறது ஈபேலதான் கூட. நானும் கடைசி நிமிஷம் வரைக்கும் வாயே திறக்கிறதில்ல.

மூடுபனி:
அக்கா, கடைசி நிமிஷம் சரி. மழை நேரத்துல எங்க தோட்டத்துல சிக்னல் நிக்கணுமே!

தையல்கடை அக்கா:
அப்ப டவுன்ல இருக்கிற ஆள்கிட்ட போட்டு விடச் சொல்லுங்க. மச்சான் வேணாம், அவர் மறுபடி கேள்வி எழுதிருவார்.