டெல்ஃபினியம் ஒடியாமல் நிற்க என்ன செய்கிறீர்கள்?

வேலியோரம்:
நெடிய கதிராகப் பூக்கும் டெல்ஃபினியம் செடி என்றதும் எல்லோரும் அதன் பூவின் நீலத்தைத்தான் பேசுவார்கள். என் கவலையெல்லாம் தண்டு. ஆளுயரம் தாண்டும், எலாட்டம் என்ற இனத்திலிருந்து வந்த கலப்பினங்களின் தண்டு உள்ளே வெறும் குழல். மழைநீர் ஏறிய பூங்கதிரோ உச்சியில் கனக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் முட்டுக்கொடுத்திருந்தும் ஒரே இரவில் பாதிக் கதிர்கள் போய்விட்டன. காலையில் சென்று பார்த்தால், கயிறு கட்டிய இடத்துக்கு விரற்கடை மேலே, ஒன்றுபோல எல்லாம் முறிந்திருந்தன. இறுக்கிக் கட்டியதால் தண்டு ஆட இடமில்லை. காற்றின் வேகம் முழுவதும் அந்த ஓரிடத்தில் இறங்கிவிட்டது.

நான் முளைகள் 30 செ.மீ. எட்டும்போதே செடியைச் சுற்றிக் குச்சிகளை ஊன்றிவிடுவேன். செடி உயர உயரக் கட்டுகளைக் கூட்டிக்கொண்டே போவேன், எட்டு வடிவத்தில், தளர்வாக. கடைசிக் கட்டு பூ தொடங்கும் இடத்துக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். குச்சியும் அதற்கு மேல் நீளக் கூடாது. ஆடும் கதிர் உரசிப் பூ கிழிந்துபோகும். மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மண்வெட்டி:
அண்ணா, காற்று வருவதற்கு முன்பே பாதி வேலை தூரில் முடிந்துவிட வேண்டும். நன்றாக வேர்பிடித்த தூர், குளிர் விலகியதும் கொத்துக்கொத்தாக முளைவிடும். அத்தனையையும் விட்டுவைத்தால் எல்லாமே நோஞ்சானாகத்தான் வளரும். தடித்த முளைகளாகப் பார்த்து ஐந்து முதல் ஏழு வரை நிறுத்துகிறேன். இளஞ்செடியில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. கிள்ள மனம் வராதுதான். ஆனால் இருக்கிற தண்டு பருக்கும், நடுவே காற்றோட்டம் கிடைக்கும், சாம்பல் நோயும் குறையும்.

அறுத்ததை எறிந்துவிடாதீர்கள். விரல் நீள முளையைத் தூரை ஒட்டி அறுத்து, வெட்டுவாயைத் திருப்பிப் பாருங்கள். சதை நிறைந்து வெள்ளையாக, திண்ணென்று இருந்தால் அது நல்ல போத்து, அதாவது நட்டுப் புதுச் செடியாக்கும் துண்டு. மணல் கலந்த மண்ணில் வேர்விடும். நடுவில் சின்னத் துளை தெரிகிறதா? தண்டு குழலாகத் தொடங்கிவிட்டது என்று பொருள்; பெரும்பாலும் அழுகிவிடும். கலப்பினச் செடியின் விதையிலிருந்து தாயின் நிறம் அப்படியே வராது. பிடித்த செடியைப் பெருக்க நான் நம்புவது போத்தைத்தான்.

இரவுக்காவல்:
முளை வெளியே வந்தால்தானே எண்ணுவதற்கு! இலை முழுதும் காய்ந்து செடி மண்ணுக்குள் ஒடுங்கியிருக்கும் காலத்தில்தான் எனக்கு வேலை. நத்தைகளும் ஓடில்லாத நத்தைகளும் மண்ணுக்கு அடியிலேயே குருத்தைத் தின்றுவிடுகின்றன. வசந்தம் வந்தும் ஒன்றும் தலைகாட்டவில்லை, குளிரில் செத்துவிட்டது என்று பலர் தூரைப் பிடுங்கி எறிவதைப் பார்த்திருக்கிறேன். எறிவதற்கு முன் மண்ணை விரலால் விலக்கிப் பாருங்கள். குருத்து நுனி வழுவழுவென்று கரம்பப்பட்டிருந்தால் குற்றவாளி குளிர் அல்ல. தூர் கெட்டியாக இருந்தால் மறுபடியும் முளைக்கும்.

தூரின் மேல் கூரான பருமணலைப் பரப்புவது ஓரளவுக்கு உதவுகிறது. அதைவிட நம்பகமானது, இரவில் டார்ச் லைட்டோடு போய்ப் பொறுக்குவது. இன்னொன்று: எருவைத் தூரின் தலையில் குவிக்க வேண்டாம், சுற்றிலும் போடுங்கள். குளிர்காலத்தில் நீர் தேங்கிய மண்ணும் தலையில் ஈர மூடாக்கும் சேர்ந்தால் தூர் அழுகிவிடும். உறைபனியைத் தாங்கும் செடி, அந்த ஈரத்தைத் தாங்காது.

வெயில்வாசி:
நீங்கள் எல்லோரும் குளிரில் வளர்ப்பவர்கள். இரவிலும் வெக்கை தணியாத இடத்தில் இந்தச் செடியிடம் நீண்ட ஆயுளை எதிர்பார்ப்பதில் பயனில்லை. ஃபிராங்க் ரைனெல்ட் கலிபோர்னியாவில் உருவாக்கிய பசிபிக் ஜெயன்ட் வகைகள் பொதுவாகவே குறைந்த ஆயுள் கொண்டவை. இங்கே கோடை முற்றியதும் தூரைச் சுற்றி வெண்பூஞ்சை படர்ந்து, கடுகு போன்ற மணிகள் தோன்றும். அதன்பின் செடியைக் காப்பாற்ற முடியாது. சுற்றியுள்ள மண்ணோடு அகற்றிவிடுவேன்.

ஆகவே ஓராண்டுச் செடியாகவே வைத்துக்கொள்கிறேன். வெயில் தணிந்ததும் விதைப்பு, வெயில் ஏறுவதற்குள் பூ. விதையைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கிறேன். வெப்பத்தில் கிடந்த விதையின் முளைப்புத் திறன் சீக்கிரம் போய்விடும். விதைத்த தட்டும் 15 டிகிரி செல்சியஸ் அளவில் குளிர்ச்சியாக இருந்தால் நல்லது. இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்பவர்கள் லார்க்ஸ்பரைத் தூவலாம். ஓராண்டுச் செடி, நெருங்கிய உறவு, தாவரவியலாளர்கள் இப்போது அதையும் டெல்ஃபினியம் பேரினத்திலேயே சேர்க்கிறார்கள். நாற்றுப் பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும், நேரடியாகப் பாத்தியிலேயே விதையுங்கள்.

பூச்சாடி:
வேலியோரம் அண்ணா, ஒடிந்த கதிருக்காக வருந்தாதீர்கள், வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். தண்டைத் தலைகீழாகப் பிடித்து, குழலுக்குள் தண்ணீர் நிரப்பி, வாயைப் பஞ்சால் அடைத்து ஜாடியில் வைப்பேன். பழக்கூடைக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் பூக்கள் பொலபொலவென்று உதிரும். ஜாடியில் இருக்கும்போது ஒரு பூவை அருகில் பாருங்கள். நாம் இதழ் என்று எண்ணும் நீல மடல்கள் ஐந்தும் உண்மையில் புல்லிதழ்கள், பூவின் வெளியடுக்கு. மேல் மடல் பின்னால் வாலாக நீண்டிருக்கும். உண்மையான இதழ்களான அல்லிதழ்கள் நடுவில் மயிரடர்ந்த சிறு கொத்தாக ஒடுங்கிக் கிடக்கும்.

மேய்ச்சல்:
செடி முழுவதும் நச்சு, இதை யாரும் எழுதவில்லையே. இளந்தளிரிலும் விதையிலும் அதிகம். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலங்களில் காட்டு டெல்ஃபினியம் தின்று மாடுகள் சாகின்றன. செம்மறி ஆடுகள் அந்த நஞ்சை மாட்டைவிட நன்றாகத் தாங்கும் என்பதால், முதலில் அவற்றை மேயவிடுவதும் உண்டு. கழித்த தண்டுகளைக் கால்நடைக்குப் போடாதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் காய் முற்றுமுன் அறுத்துவிடுங்கள். நான் கையுறை இல்லாமல் தொடுவதில்லை.

வேலியோரம்:
நன்றி. மண்வெட்டி தம்பி, பூ முடிந்ததும் தரையோடு வெட்டிவிடலாமா? இரண்டாம் முறை பூக்குமா?

மண்வெட்டி:
உடனே வேண்டாம் அண்ணா. வாடிய கதிரை மட்டும் நறுக்கி, இலையோடு தண்டை விட்டுவையுங்கள். அடியில் புது முளை எழுந்த பிறகு பழைய தண்டைத் தரையோடு வெட்டி, எருவும் தண்ணீரும் கொடுங்கள். கோடை கடந்ததும் இன்னொரு முறை பூக்கும், கதிர் சற்றுச் சிறுத்திருக்கும். மெலிந்த செடியாக இருந்தால் அந்த இரண்டாம் மொட்டைக் கிள்ளிவிடுவது என் வழக்கம்.