சபாநாயகருக்குப் பதவிப் பிரமாணம் செய்து வைப்பது யார்?

கரோல்பாக் மாணவி: தமிழ் மாணவர்களுக்கான வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கிறோம். மக்களவை சபாநாயகருக்கு உறுதிமொழி செய்து வைப்பது குடியரசுத் தலைவரா, தற்காலிக சபாநாயகரா?

மயூர் விஹார் வாசகர்: இருவரும் இல்லைம்மா. அந்தப் பதவிக்கென்று தனி உறுதிமொழியே கிடையாது, எம்.பி.யாக எடுத்ததே போதும். சபாநாயகர் தேர்தலுக்கான நாளைக் குடியரசுத் தலைவர் குறிப்பார். இன்னாரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற தீர்மானத்துக்கு முந்தைய நாள் நண்பகலுக்குள் நோட்டீஸ் தர வேண்டும். முன்மொழிபவர், வழிமொழிபவர், கூடவே வேட்பாளரின் சம்மத அறிக்கை. தன் பெயரைத் தானே முன்மொழிய முடியாது. தீர்மானங்கள் வரிசைப்படி வாக்குக்கு விடப்படும். ஒன்று நிறைவேறியதும் மற்றவை எடுக்கப்படாது. பலரும் கோட்டைவிடும் இடம் இது, கட்டாயம் கேளுங்கள். 2024 ஜூன் 26 அன்று ஓம் பிர்லா குரல் வாக்கில் தேர்வானார். பிரதமரும் எதிர்க்கட்சித் தலைவரும் இருக்கை வரை அழைத்துச் சென்றார்கள்.

ஆர்.கே.புரம் நண்பர்: மாநிலங்களவையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அங்கே துணைக் குடியரசுத் தலைவரே அவைத் தலைவர். அவருக்குக் குடியரசுத் தலைவர் உறுதிமொழி செய்து வைப்பார். திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணன் 2025 செப்டம்பர் 12 அன்று அப்படித்தான் பொறுப்பேற்றார்.

கரோல்பாக் மாணவி: நன்றி சார். மக்களவை கலைந்தால் சபாநாயகர் பதவியும் போய்விடுமா?

மயூர் விஹார் வாசகர்: போகாது. புதிய அவையின் முதல் கூட்டம் தொடங்கும் வரை நீடிப்பார். இடையில் விலகினால் கடிதம் துணை சபாநாயகருக்கு.