சந்தேகம் வந்த வீட்டில் யார் போனை யார் பார்ப்பது?

திருப்பூர்ப் பெண்:

பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சன்டைசராக வேலை பார்க்கிறேன். ஷிப்மென்ட் தேதி நெருங்கிவிட்டால் ராத்திரி பதினோரு மணிக்குக் கூட பையரிடமிருந்து மெசேஜ் வரும். பையர் என்றால் ஆர்டர் கொடுத்தவர். உடனே புரொடக்ஷன் மேனேஜரிடம் பேசியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்தே என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். இருந்தும் போன வருடம், "இந்த நேரத்துல யாரு?" என்று கேட்க ஆரம்பித்தார். பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "செயினை அடகு வைக்கப் போறியாமே?" என்றார். அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக அப்படி ஒரு யோசனை எனக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அதை என் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேனே தவிர, வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. அன்று ராத்திரி வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நம் வாட்ஸ்அப் வேறு எந்தெந்தக் கம்ப்யூட்டரில், போனில் இணைந்திருக்கிறது என்று அதில் தெரியும். கூகுள் குரோம் என்று இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று ஆபீஸ் கம்ப்யூட்டர், நானே இணைத்தது. இன்னொன்று கடைசியாக இயங்கியது முந்தின நாள் நள்ளிரவு வாக்கில். வீட்டில் இருப்பது ஒரே லேப்டாப், அது அவருடையது.

அதை நான் லாக் அவுட் செய்யவில்லை. போனை அப்படியே அவர் முன்னால் வைத்து, "இத்தனை மாசமா படிச்சீங்களே, என்ன கிடைச்சுது?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சப்புறமும் எதுக்குங்க படிச்சீங்க?"

"நிறுத்த முடியல" என்றார். அழுதார்.

என்னைச் சந்தேகப்பட்டது வலித்தது. அதைவிடப் பெரிய வலி தங்கை விஷயம். குழந்தைக்காக அவள் எடுத்துக்கொண்ட சிகிச்சை, ஒவ்வொரு ஊசி, கரு தங்காமல் போனது, மாமியார் பேசிய பேச்சு என எல்லாவற்றையும் எனக்குத்தான் எழுதிக்கொண்டிருந்தாள். அத்தனையையும் அவளுடைய மச்சான் உட்கார்ந்து படித்திருக்கிறார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ரகசியம்?" என்று என் மாமியார் கேட்டார். "எனக்கும் அவருக்கும் இல்லாமல் இருக்கலாம் அத்தை, என் தங்கச்சிக்கு இருக்கே" என்றேன். தங்கையிடம் அவரையே போனில் பேசி மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். கேட்டார். இருவரும் கவுன்சலிங் போனோம், சேர்ந்துதான் இருக்கிறோம். ஆனால் தங்கை இப்போதெல்லாம் எனக்கு எழுதுவதில்லை. ஏதாவது என்றால் நேரில் வரும்போதுதான் சொல்கிறாள்.

பரமக்குடிக்காரர்:

சகோதரி, என் விஷயத்தில் சந்தேகம் உண்மையாகவே ஆகிவிட்டது. அப்படியும் துணையின் போனைப் பார்க்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன்.

எனக்குச் சந்தேகம் வந்த நேரத்தில் நண்பன் ஒருவன், "பணம் கொடுத்தால் உன் மனைவியின் கால் டீடெய்ல்ஸ் முழுக்க எடுத்துத் தர ஆள் இருக்கிறது" என்றான். போய்ப் பார்த்த வக்கீலம்மா அதைக் காதில் வாங்கியதுமே தடுத்துவிட்டார். எங்கள் ஊர் கோர்ட்டில் நடந்த ஒரு விவாகரத்து வழக்கையே எடுத்துச் சொன்னார். மனைவிக்குத் தெரியாமல் அவருடைய அழைப்பு விவரங்களைக் கணவர் எடுத்துத் தாக்கல் செய்திருந்தார். கணவன் மனைவிக்கு இடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்ததைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2024 அக்டோபரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பஞ்சாப் வழக்கு ஒன்றில், மனைவியோடு தான் பேசியதையே கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தால் அதைக் குடும்ப வழக்கில் சாட்சியமாகக் காட்டலாம் என்றது. இதைப் படித்துவிட்டுத் துணையின் போனைத் தாராளமாக நோண்டலாம் என்று சிலர் பேசுகிறார்கள். அந்த வழக்கு கணவர் தானே மனைவியோடு பேசிய பேச்சைப் பற்றியது. மனைவி மற்றவர்களோடு பேசியதை எடுப்பது வேறு விஷயம்.

மாமா ஒருவர் போலீசில் கேஸ் கொடு என்று குதித்தார். கள்ளத் தொடர்பைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவை 2018-லேயே உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. விவாகரத்துக்கு அது காரணமாகும், ஜெயிலுக்கு ஆகாது.

கடைசியில் மனைவியிடம் நேராகவே கேட்டேன். முதலில் மறுத்தார், இரண்டு மூன்று வாரம் கழித்து அவராகவே சொன்னார். பரஸ்பர சம்மதத்தில் பிரிந்தோம். அவருடைய போனை நான் தொடவே இல்லை. அதனால்தான் மகளைப் பற்றி இன்றைக்கும் இருவரும் முகம் பார்த்துப் பேச முடிகிறது.

செல்போன் சர்வீஸ் கடை, மதுரை:

மனைவி போனைக் கொண்டுவந்து லாக் எடுத்துத் தரச் சொல்பவர்கள் உண்டு. கணவர் போனோடு வருகிற பெண்களும் உண்டு. "அவங்களையும் கூட்டிட்டு வாங்க" என்பேன், பெரும்பாலும் திரும்பி வர மாட்டார்கள். வெளியில் தெரியாமல் வேவு பார்க்கிற ஆப்பைப் போட்டுத் தரச் சொல்பவர்களும் வருகிறார்கள். அந்த வேலையை நான் செய்வதில்லை.

தன் போனை யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றுகிறவர்களுக்குச் சொல்கிறேன். சகோதரி செய்தது போல லிங்க்டு டிவைசஸ் பக்கத்தைப் பாருங்கள். *#21# என்று டயல் செய்தால் உங்கள் அழைப்புகள் வேறு எண்ணுக்குப் போகிறதா என்று காட்டும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் டிவைஸ் அட்மின், ஆக்சசிபிலிட்டி என்ற இரண்டு பக்கங்களையும் திறந்து, நீங்கள் போடாத ஆப்புக்கு அனுமதி இருக்கிறதா பாருங்கள். ப்ளே ஸ்டோரில், ஆபத்தான ஆப் இருக்கிறதா என்று தேடும் ப்ளே புரொடெக்ட் ஸ்கேன் ஒன்றும் ஓட்டிவிடுங்கள். கூகுள் மேப்ஸில் லொக்கேஷன் ஷேரிங் யாருக்குப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அடி உதை நடக்கிற வீடாக இருந்தால் எதையும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள். அழித்த அடுத்த நிமிடமே அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரிந்துவிடலாம். நம்பிக்கையான இன்னொருவர் போனிலிருந்து 181-க்குப் பேசுங்கள். அது பெண்கள் உதவி எண், ராத்திரியிலும் எடுப்பார்கள். போக ஓர் இடம் ஏற்பாடான பிறகு போனைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.