புதுப்பிப்பு: கால் டன் ராணுவ டிரெய்லரின் எண் கிடைத்துவிட்டது

விவரத் தகடு துருப்பிடித்த அமெரிக்க ராணுவ டிரெய்லர் ஒன்றின் படத்தைப் போட்டு, இது எந்த மாடல் என்று போன பதிவில் கேட்டிருந்தேன். எம்100, எம்416 என இரண்டு பதில்கள் வந்தன.

தகட்டை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மெதுவாகத் தேய்த்ததில் எழுத்துகள் தெரிந்தன. 2330 என்று தொடங்கும் 11 இலக்க ஸ்டாக் எண், அதாவது ராணுவ சப்ளை பட்டியலில் ஒரு பொருளுக்குத் தரும் எண். 2330 என்பது அமெரிக்க ராணுவ சப்ளை பட்டியலில் டிரெய்லர்களுக்கான வகுப்பு. 1974-க்குப் பிறகு வந்த எண்களுக்கு 13 இலக்கம்; வகுப்பை அடுத்து நாட்டுக்குறியாக இரண்டு இலக்கம் கூடுதலாக நிற்கும். பழைய எண்களை மாற்றியபோது அந்த இடத்தில் 00 போட்டார்கள். அதனால் பழைய எண்ணின் நடுவே 00 சேர்த்துத் தேடினாலே போதும். தேடினேன், எம்416 என்று வந்தது. எம்151 ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப்போன வண்டி! மட்கார்டின் தட்டையான மேல்பக்கமும் ஒத்துப்போகிறது.

பின்விளக்கில் இருந்த எண்ணை வைத்துத் தேடச் சொன்ன நண்பருக்கு: அது 6220 என்று தொடங்குகிறது, வாகன விளக்கு வகுப்பு. டயர் என்றால் 2610. உதிரிபாகத்தின் எண் அந்தப் பாகத்தைத்தான் சொல்லும். விளக்கை எந்தக் காலத்திலும் மாற்றியிருக்கலாம். ஸ்டாக் எண் மாடலுக்குப் பொதுவானது என்பதால், தனி வண்டியை அடையாளம் காண சீரியல் எண்தான் வேண்டும். அது இருக்கும் வரியில் இன்னும் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. கம்பி பிரஷ் வைத்தால் எழுத்தே போய்விடும், அதனால் பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுக்கப்போகிறேன்.