ஃப்ரிட்ஜில் வைத்த தாய்ப்பாலில் சோப்பு வாடை: குழந்தை குடிக்க மறுக்கிறாள்

கேட்பவர்: மதுரைத் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. 26 வாரப் பேறுகால விடுப்பு முடிய இருப்பதால், நான் அலுவலகம் சென்றபின் என் மாமியார் பாலாடையில் புகட்டட்டும் என்று மின் பம்பினால் பாலெடுத்துச் சேமித்துப் பார்க்கிறேன். எடுத்தவுடன் கொடுத்தால் சொட்டு மிச்சமின்றிக் குடிப்பவள், இரவில் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்த பாலை மறுநாள் பிற்பகல் கொடுத்தால் முகத்தைச் சுளித்து நாக்கால் வெளியே தள்ளிவிடுகிறாள். முகர்ந்தால் சோப்பு வாடை அடிக்கிறது; புளிப்பு வாடை இல்லை. மேலே ஏடு தனியாகப் பிரிந்து நிற்கிறது. பால் கெட்டுவிட்டது, கீழே ஊற்று என்கிறார் மாமியார். பம்பின் பாகங்களைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்தே பயன்படுத்துகிறேன். காரணம் என்னவாக இருக்கும்?

பதில்: இரு பிள்ளைகளின் அம்மா

சகோதரி, பாலை ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டில் வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கதவைத் திறக்கும்போதெல்லாம் அங்கேதான் குளிர் குறையும். உள்தட்டின் பின்பக்கமே பாலுக்கு ஏற்ற இடம். ஏடு பிரிவது இயல்பு, மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். வாடைக்கு என்னிடம் விடை இல்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

அம்மா, பாலை ஊற்ற வேண்டாம். தாய்ப்பாலில் லிபேஸ் என்னும் நொதி இயற்கையாகவே உண்டு. அது கொழுப்பைச் சிதைத்துக் கொழுப்பு அமிலங்களாக்குகிறது. சிலரது பாலில் இந்த வேலை விரைவாக நடப்பதால் சில மணி நேரத்திலேயே சோப்பு வாடை வந்துவிடும். குளிர் இதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. உறையவைத்த பாலிலும் இது தொடரும். நிறைமாதத்தில் பிறந்த, நலமாக உள்ள குழந்தைக்கு இந்தப் பாலால் தீங்கில்லை, சுவைதான் பிடிப்பதில்லை. புளித்த நாற்றம் அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

ஒருமுறை எடுத்த பாலைச் சிறு சிறு கிண்ணங்களில் பிரித்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக எடுத்து முகர்ந்து பாருங்கள். வாடை எப்போது தொடங்குகிறது என்று தெரிந்தால், அதற்கு முன்பே பாலைச் சூடாக்கி நொதியை அடக்கிவிடலாம். சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில், சிறு தீயில், ஓரத்தில் குமிழிகள் அரும்பும்வரை (ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ்) வைத்து, கொதிக்கும் முன் இறக்கி, குளிர்நீரில் பாத்திரத்தை வைத்து உடனே ஆறவிட வேண்டும். சூட்டில் நோயெதிர்ப்புக் கூறுகள் ஓரளவு குறையும் என்பதால், நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்தில் நேரடியாகவே பாலூட்டுங்கள். ஏற்கெனவே வாடை வந்த பாலை இப்படிச் சூடாக்கிப் பயனில்லை.

மதுரைத் தாய்

மிக்க நன்றி அம்மா. சோதித்துப் பார்த்தேன், எட்டு மணி நேரம்வரை வாடை இல்லை, பத்தாம் மணியில் தெளிவாகத் தெரிந்தது. அலுவலகத்தில் காலை 11 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் எடுத்து, 6.30 மணிக்கு வீடு திரும்புவேன். அங்கே அடுப்பில்லை. ஃப்ரீசரில் உள்ள பழைய பைகளை என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

அப்படியானால் வீடு திரும்பியதும் சூடாக்கினால் போதும், எட்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதுவரை பாலை வெளியில் வைக்காதீர்கள்: வெளியில் நான்கு மணி நேரம் என்பது 25 டிகிரிக்குள் இருக்கும் அறைக்கான கணக்கு, மதுரை வெயிலுக்குப் பொருந்தாது. பனிக்கட்டிப் பைகள் வைத்த குளிர்ப்பெட்டியில் 24 மணி நேரம்வரை தாங்கும். ஃப்ரிட்ஜில் 4 டிகிரியில் நான்கு நாள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென்று நாளுக்கு இரண்டு இடைவேளைகளைச் சட்டமே தருகிறது. தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

உங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால், அதற்குள்ளேயே இருக்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரத்துக்கு மேல் பாலை வைக்காதீர்கள்; தனிக்கதவு ஃப்ரீசருக்குச் சொல்லப்படும் ஆறு மாதக் கணக்கு இதற்கு ஆகாது. அந்தக் கெடுவுக்குள் உள்ள பைகளை ஃப்ரிட்ஜிலேயே உருகவிட்டு, 24 மணி நேரத்துக்குள் புதிய பாலுடன் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்துப் பாருங்கள். உருகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது. அப்போதும் மறுத்தால், ஆறு மாதம் நிறைந்து கேழ்வரகுக் கூழ் தொடங்கியதும், வெதுவெதுப்பாக ஆறிய கூழில் அந்தப் பாலை ஊற்றிக் கலந்து ஊட்டுங்கள். கூழின் மணத்தில் வாடை தெரியாது.