எந்த எபிசோட் உங்கள உண்மையிலேயே ஆட்டிருச்சு? எங்க வீட்டு டிராகன் கதைய முதல்ல போடுறேன்

எனக்கு நைட் ஷிப்ட். காலைல அஞ்சே முக்காலுக்கு கேப் தெருமுனைல இறக்கி விட்டுரும். 2024 ஜூன்ல ஹவுஸ் ஆஃப் தி டிராகன்ங்கற அமெரிக்க சீரியலோட ரெண்டாவது சீசன் ஆரம்பிச்சப்ப அது பெரிய வசதியா போச்சு, ஏன்னா அமெரிக்காவுல ஞாயித்துக்கெழம ராத்திரி ஒம்போதுக்கு வர்றது நமக்கு திங்கக்கெழம காலைல ஆறரை, ஊரே ஆபீஸ் கெளம்புற நேரத்துல நான் கால நீட்டி உக்காந்து டிராகன் பாப்பேன். அம்மா பக்கத்துல சின்ன வெங்காயம் உரிச்சுட்டு இருக்கும். அதுக்கு இங்கிலீஷ் தெரியாது, நான்தான் நடுநடுவுல கத சொல்லணும்.

முதல் சீசன் கதைய ஒரு அரை மணி நேரம் மூச்சு வாங்க சொல்லி முடிச்சேன். அம்மா அசால்ட்டா "மூத்த தாரத்துப் பொண்ணுக்கும் எளைய தாரத்துப் பையனுக்கும் சொத்து தகராறு, அவ்ளோதானடா? இதுக்கு எதுக்கு இத்தன பல்லி?"ன்னுச்சு. பேரெல்லாம் அதுவே வச்சுக்கிச்சு. ஏமண்ட் ஒத்தக்கண்ணன், டேமன் தம்பிக்காரன், ரெய்னிஸ் பெரியம்மா. எல்லாத் தலையும் வெள்ளயா இருக்கறதால எனக்கே கொழப்பம் வரும், அம்மாவுக்கு ஒரு தடவ கூட வரல. இருவது வருஷமா மெகா சீரியல் பாத்த மூள சும்மாவா.

நாலாவது எபிசோட், ரூக்ஸ் ரெஸ்ட் சண்ட. ராஜாவாயிட்ட எளைய தாரத்துப் பையன் ஏகான் குடிச்சுட்டு யாரும் கூப்புடாம தன் டிராகன் சன்ஃபயர்ல ஏறி வந்துட்டான், அண்ணன் அங்க இருக்கான்னு தெரிஞ்சும் ஏமண்ட் தன் டிராகன் வேகார விட்டு நெருப்ப கக்க வைக்கிறான். அந்த எடத்துல அம்மா கத்தி கீழ வந்துருச்சு. அப்பறம்தான் அந்த சீன். மூத்த தாரத்துப் பொண்ணு பக்கம் சண்ட போட வந்த ரெய்னிஸ் அப்படியே பறந்து தப்பிச்சுப் போயிருக்கலாம். வழி இருக்கு. ஒரு செகண்ட் கண்ண மூடித் தொறந்துட்டு தன் டிராகன் மீலிஸ சண்டைக்கே திருப்புறா. எங்கம்மா டிவியப் பாத்து "போயிரு தாயி, போயிரு"ங்குது. வேகார் கீழருந்து எந்திரிச்சு கழுத்தக் கவ்வுனதும் அந்த செவப்பு டிராகன் தலையத் திருப்பி தன் மேல உக்காந்திருக்கவளப் பாக்கும் பாருங்க, அதுல ஒரு வார்த்த இல்ல, மியூசிக்கும் அடங்கிரும், அப்படியே பிடிய விட்டுட்டு விழுந்துருவா. நான் கத சொல்றத நிறுத்திட்டேன், சொல்லத் தேவையே இல்ல.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா சொன்னது: "அன்னிக்கே இவளுக்கு அந்த நாற்காலியக் குடுத்துருந்தா இந்தச் சண்டையே வந்துருக்காதுல்ல." நான் எப்பவோ ஒருக்கா போற போக்குல சொன்னது அது, சபை கூடி பொண்ணுன்னு அவள ஒதுக்கிட்டு அந்த ரெண்டு தாரத்துக்காரரு விசேரிஸ ராஜாவாக்குன கத. அத ஞாபகம் வச்சிருந்து கரெக்டா இங்க கொண்டாந்து வைக்குது. நான் நெட்ல படிச்ச எந்த ரிவியூவும் இப்படி ஒத்த வரில முடிக்கல.

அடுத்த வாரம் மீலிஸ் தலைய வண்டில வச்சு ஊர்வலமா இழுத்துட்டு வந்தாங்க. ஜெயிச்ச ஊரு, ஒருத்தன் கை தட்டல, எல்லாம் பேயறஞ்ச மாதிரி நிக்கிறான். அம்மா அதப் பாக்கல, எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. எங்க தாத்தா வீட்ல மாடு செத்தப்பவும் இப்படித்தான் பண்ணுச்சாம், மாமா சொன்னாரு.

கடைசி எபிசோட் பத்தி பேசவே புடிக்கல. முதல் சீசன் பத்து, இது எட்டுதான், அந்த எட்டாவதுலயும் படை கெளம்புது கப்பல் கெளம்புது டிராகன் கெளம்புது டைட்டில் வந்துருச்சு. கல்யாணத்துக்கு கூப்ட்டு பந்தில உக்கார வச்சு எலயப் போட்டு தண்ணி தெளிச்சு அனுப்புன கதைதான். அதுக்கு முன்னாடியே லீக் ஆகி துண்டு துண்டா சுத்திட்டு இருந்துச்சு, என் சித்தி பையன் அத ஸ்டேட்டஸ்ல வச்சான், அவன இன்னும் மியூட்லதான் வச்சிருக்கேன்.

சரி, உங்க கத சொல்லுங்க.

*

என்னோடது பழசு ப்ரோ. 2019 ஏப்ரல், கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசி சீசன் மூணாவது எபிசோட், லாங் நைட், செத்தவங்க படையோட ராத்திரி முழுக்க நடக்கற சண்ட. 82 நிமிஷம். ஹாஸ்டல் மொட்டமாடி ரூம், கெழக்க பாத்த ஜன்னல், ஆறரை மணி வெயில் நேரா போன்ல அடிக்குது, நெட்டு வேற இழுத்துட்டு இருக்கு. ஒண்ணுமே தெரியல. போர்வைக்குள்ள பூந்து பாத்தேன், வேர்வதான் வந்துச்சு. யாரோ கத்துறான், யாரோ சாவுறான், திடீர்னு அந்தப் படையோட ராஜா ஐஸ் மாதிரி ஒடஞ்சு விழுறான், நான் பக்கத்து ரூம் கதவத் தட்டி "டேய் யாருடா குத்துனது?"ன்னு கேக்குறேன், அவனும் போர்வைக்குள்ளருந்து வந்து "ஆர்யான்னு நெனைக்கிறேன்"ங்குறான். அம்பத்தஞ்சு ராத்திரி ஷூட் பண்ணாங்களாம் அத, நாங்க பாத்தது ரேடியோ நாடகம். அப்பறம்தான் புரிஞ்சுது, இருட்டு சீன்ல கொஞ்சமா மாறுற கருப்பு ஷேடெல்லாம் ஸ்ட்ரீமிங்ல அமுக்கும்போது கட்டம் கட்டமா ஒடஞ்சுரும், அதுவும் சின்ன ஸ்க்ரீன்ல வெளிச்சத்துல பாத்தா சுத்தம்.

வேலைக்குப் போய் நல்ல டிவி வாங்குனதும் ராத்திரி லைட்ட ஆஃப் பண்ணி திரும்பப் பாத்தேன். மந்திரக்காரி மெலிசான்ட்ரே வந்து டோத்ராக்கி குதிரப் படையோட வாளெல்லாம் பத்த வைக்கிறா, ஆயிரம் தீ இருட்டுக்குள்ள ஓடுது, தூரத்துல ஒவ்வொண்ணா அணையுது, கடைசி ஒண்ணும் அணையுது, சத்தமே இல்ல. இதயா அன்னிக்கு நெட்வொர்க் போச்சுன்னு நெனச்சு போன உலுக்குனேன்? ஆமா, உலுக்குனேன்.

*

நான் ஷார்ஜால இருந்தப்ப நடந்தது. 2022 ஜூன் 8, டிஸ்னி பிளஸ் அங்க வந்த அதே நாள் மிஸ் மார்வெல்ங்கற சூப்பர் ஹீரோ தொடரும் ஆரம்பிச்சுது. ரூம்ல நாலு பேரு, நான், ரெண்டு மலையாளி, ஒரு பாகிஸ்தான் பாய், டிரைவரு, அம்பது வயசு இருக்கும், பைசலாபாத் பக்கம். சூப்பர் ஹீரோன்னா சின்னப் பசங்க சமாச்சாரம்னு அவரு திரும்பிப் படுத்துக்குவாரு. கதாநாயகி கமலா கான், அமெரிக்காவுல வளந்த பாகிஸ்தான் குடும்பத்துப் பொண்ணு, அவ வீட்ல அம்மா உருதுல திட்டுற சத்தம் கேட்டதும் மெதுவா எந்திரிச்சு உக்காந்தாரு. கராச்சி சீன் வந்தப்ப "இது கராச்சியே இல்ல"ன்னு சிரிச்சாரு (அது தாய்லாந்துல எடுத்ததுதான், பின்னாடி படிச்சேன்).

அஞ்சாவது எபிசோட்ல 1947 ரயில்வே ஸ்டேஷன். கூட்டம், மூட்ட, கூரை மேல ஆளுங்க, கடைசி ரயில். ஒரு கொழந்த அப்பாவ விட்டுட்டு தனியா நிக்குது. கமலா காலத்துல பின்னாடி அங்க போய் வெளிச்சத்த நட்சத்திரம் மாதிரி வழி போட்டு அத அப்பாகிட்ட கொண்டு சேக்குறா, அந்தக் கொழந்ததான் அவளோட பாட்டி. பாய் ஒண்ணும் பேசல. அவரோட அப்பா ஜலந்தர்லருந்து அந்த வருஷம்தான் போனவராம், ஏழு வயசு, கூட வந்த அக்கா ஸ்டேஷன்ல தொலஞ்சது தொலஞ்சதுதானாம். என் அரகொற ஹிந்திக்கு அவ்ளோதான் புரிஞ்சுது. "எங்க அத்தைக்கு யாரும் நட்சத்திரம் போடல"ன்னு சொல்லிட்டு டீ போட எந்திரிச்சாரு. அன்னிக்கு எல்லாருக்கும் அவரே போட்டாரு, சக்கர அதிகம்.

தொடரா பாத்தா அது சுமார்தான், வில்லனுங்க எதுக்கு வந்தாங்க எதுக்குப் போனாங்கன்னே தெரியாது. ஆனா அந்த எபிசோட நான் கொற சொல்ல மாட்டேன்.

*

நம்மளது காமெடி, திட்டாதீங்க. தி பாய்ஸ் மூணாவது சீசன் கடைசி எபிசோட் ஹால்ல ஓடிட்டு இருக்கு, அக்கா பையன் ட்யூஷன் முடிஞ்சு எப்ப உள்ள வந்தான்னே தெரியல. ஹோம்லேண்டர், அதுல வர்ற கெட்ட சூப்பர் ஹீரோ, தன் பையனக் கூட்டிட்டு வந்து கூட்டத்துக்கு முன்னாடி நிக்கிறான், ஒருத்தன் எதயோ தூக்கி பையன் மேல எறியிறான், உடனே கண்ணுலருந்து லேசர், ஆளு காலி. ஒரு நிமிஷம் அமைதி. அப்பறம் ஒட்டுமொத்த கூட்டமும் ஆரவாரம். ரிமோட்ட தேடுறேன், சோபாவுக்குள்ள போயிருச்சு. பின்னாடி நின்னுட்டு இவன் கேக்குறான், "மாமா, அவரு கொன்னுட்டாருல்ல? ஏன் எல்லாம் கை தட்றாங்க?"

பத்து வயசு. நான் "அது... அது வேற படம்டா"ன்னு ஒளறி டிவிய மெயின்லயே ஆஃப் பண்ணேன். இன்னிக்கு வரைக்கும் பதில் சொல்லல. அக்காகிட்ட மட்டும் கரெக்டா போட்டுக் குடுத்துட்டான்.

*

த்ரெட் போட்டவன்தான். ஷார்ஜா அண்ணன் எழுதுனத அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். "அந்தத் தம்பி திரும்ப அவருகூட பேசுனாரான்னு கேளு"ங்குது. கேட்டுட்டேன்ணே, சொல்லுங்க. லாங் நைட் ப்ரோ, லைட் ஆஃப் பண்ணிட்டுப் பாக்கலாம்னா எங்க வீட்ல ராத்திரி பத்தர வரைக்கும் ரிமோட் என் கைல கெடையாது.