மெய்யழகனா, அந்த ஜேஜு தீவுத் தொடரா: எது நம்ம ஊர் மாதிரி இருந்தது?

வெண்ணாற்றங்கரை:
நெட்ஃபிளிக்ஸில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்து முடித்தேன். மெய்யழகன் தியேட்டரில் விட்டுப்போனது. இன்னொன்று தங்கச்சி பிடுங்கல் தாங்காமல் ஆரம்பித்த கொரியத் தொடர், 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்', 2025 மார்ச்சில் வாரம் நாலு எபிசோடாக வந்து 16 எபிசோடில் முடிந்ததே, அதுதான்.

மெய்யழகன் நம்ம தஞ்சாவூர், நம்ம நீடாமங்கலம், பேச்சும் நம்ம பேச்சு. பிடிக்கவில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், கல்யாண மேடையில் மணப்பெண்ணுக்கு அரவிந்த்சாமி கொலுசு போட்டுவிடுகிற இடத்தில் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது ஜேஜுவைப் பார்த்தபோதுதான். ஏ-சுன் என்கிற பெண்ணின் அம்மா கடலில் மூச்சடக்கி மூழ்கிச் சிப்பி எடுத்து விற்கிறவள். மேலே வந்து விசிலடிப்பது போல ஒரு மூச்சு விடுகிறாள் பாருங்கள்! 29 வயதில் செத்தும் போகிறாள். அம்மாவை வீட்டுக்கு விடாத சிப்பிமேல் கோபப்பட்டு மகள் கவிதை எழுதுகிறாள். நடவுக்குப் போய்வந்து ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து, விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருக்கும் எங்கள் பெரியம்மாதான் கண்முன் வந்தது. மெய்யழகனில் பாசம் இருக்கிறது, கோயில் இருக்கிறது, உடம்பு வலிக்க வேலை செய்கிற ஊர் எங்கே? எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா?

கோவில்வெண்ணி_கடைசிபஸ்:
அண்ணே, அது ஒரு ராத்திரிக் கதை. ராத்திரியில் யார் நாற்று நடுவார்கள்? சொத்துத் தகராறில் வீடு போய் 1996-இல் சென்னைக்குப் போன ஆள் (அரவிந்த்சாமி), 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு வருகிறான். அவன் கண்ணில் வயல் எப்படிப் படும்? வெளியூரில் இருக்கிற நம்மாட்கள் எல்லாருமே ஊருக்கு இப்படித்தான் வந்துபோகிறார்கள், மண்டபம், மொய், பந்தி, பஸ் ஸ்டாண்டு, முடிந்தது. நானும் அந்த ரகம்தான், அதனால்தான் எனக்கு அது சுட்டது.

அப்புறம் வேலையே இல்லை என்று சொல்லாதீர்கள். இவன் வேண்டாமென்று விட்டுப்போன பழைய சைக்கிள் ஒரு குடும்பத்தையே எப்படித் தூக்கிவிட்டது என்று, அவனை ராத்திரி முழுக்க விடாமல் பேசுகிற கார்த்தி சொல்கிறாரே, அது என்ன? 

நீளம் பற்றிக் கேட்டால், ஆமாம், கார்த்தி சோழர் கதை பேசுகிற இடமெல்லாம் இழுவைதான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 18 நிமிடம் வெட்டினார்கள். ஆனால் நம்ம பக்கம் இரண்டு பேர் ராத்திரி வாய்க்கால் மதகில் உட்கார்ந்தால் சோழன் வராமல் பேச்சு முடிந்திருக்கிறதா சொல்லுங்கள். எங்கள் ஊரில் கேட்கவே வேண்டாம், கரிகாலன் வென்ற வெண்ணி இதுதான் என்று ஆரம்பிப்பார்கள், அவனிடமே 'தோற்றவன்தான் உன்னைவிட நல்லவன்' என்று வெண்ணிக் குயத்தியார் பாடிய புறநானூறு 66 வரை போய்த்தான் நிற்பார்கள்.

பேராவூரணிக்காரன்:
(கொரியத் தொடர் பார்க்காதவர்கள் இதைத் தாண்டிவிடுங்கள், கதை தெரிந்துவிடும்.)

மெய்யழகனில் கதை நடப்பது 2018. எங்களுக்கு 2018 என்றால் நவம்பர் 16, கஜா புயல். படம் முழுக்க எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை, திரையில் எங்காவது தென்னை தெரிந்தால் இது கஜாவுக்குத் தப்பியிருக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், அது டைரக்டர் குற்றம் இல்லை. அந்தத் தொடரில் புயலன்று ஏ-சுனின் கடைசிப் பையன் போய்விடுகிறான் இல்லையா, அங்கே நிறுத்தியவன் பல நாள் திரும்பத் தொடவில்லை.

அதில் எனக்குப் பிடித்தது அரிசிப் பானை. இவர்கள் கஷ்டப்படுகிற நேரத்தில் வீட்டுக்காரக் கிழவனும் கிழவியும் யாருக்கும் தெரியாமல் பானையில் அரிசியைப் போட்டுவிட்டுப் போவார்கள், ஒரு வார்த்தை பேச்சு இருக்காது. கஜாவுக்கு அப்புறம் கரண்ட் இல்லாத நாட்களில் எதிர்வீட்டுக்காரர் வாடகை ஜெனரேட்டரில் தன் வீட்டு மோட்டாரைப் போட்டுவிட்டு, ஓஸை இழுத்து எங்கள் டேங்கையும் நிரப்பிவிட்டுப் போவார். வேலித் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை கிடையாது அவருக்கு, இன்றைக்கும் கிடையாது. மெய்யழகனில் அன்பு இருக்கிறவன் நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருக்கிறான், நம்ம பக்கத்து ஆம்பிளைகள் இவ்வளவு பேசுவார்களா என்ன?

அய்யம்பேட்டை_அக்கா:
தம்பிகளா, மூன்று பேரும் ஆம்பிளைகளைப் பற்றியே பேசிவிட்டீர்கள். இரண்டு பேர் விடிய விடிய உருகுவதற்கு ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டுக்காரிக்கு, அதான் ஸ்ரீதிவ்யாவுக்கு, பேச்சு எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

கொரியத் தொடரில் நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது சாப்பாட்டு இடம். ஆண்களுக்கு ஒரு மேசை, பெண்களுக்குத் தனியாக இன்னொன்று. ஏ-சுனின் புருஷன் குவான்-சிக் எதுவும் பேசாமல் உட்கார்ந்தபடியே திரும்பி, ஆண்கள் பக்கம் முதுகைக் காட்டிவிட்டுப் பெண்டாட்டி, பிள்ளை பக்கம் பார்த்துச் சாப்பிடுவான். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கல்யாணமாகி வந்த புதிதில், ஆண்கள் எழுந்த பிறகு அடிச்சட்டிச் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டவள் நான்.

மாமியாரைக் கூப்பிட்டு அந்த இடத்தை மட்டும் காட்டினேன். அவர் எதிர்நீச்சல் சீரியலை ஒரு நாள் விடாதவர், அதில் வரும் குணசேகரனை வாய் வலிக்கத் திட்டுவார், 2023 செப்டம்பர் 8 அன்று அந்த வேஷம் போட்ட மாரிமுத்து இறந்த செய்தி வந்தபோது சொந்தக்காரன் போன மாதிரி அழுதார், அப்புறம் அவர் இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தும் 'அந்த ஏய் இந்தாம்மா வரலையே' என்றார். குவான்-சிக்கைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி: "இவன் அம்மா இதுக்கு என்ன சொன்னா?"

வெண்ணாற்றங்கரை:
அக்கா, உங்கள் மாமியாரையே இங்கே எழுதச் சொல்லுங்கள், நாங்கள் ஒதுங்கிக்கொள்கிறோம்.

கடைசிபஸ் தம்பி, சைக்கிள் சரி. ஆனால் அதையும் கார்த்தி சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம், அந்தச் சைக்கிளில் மூட்டை ஏற்றி எதிர்காற்றில் மிதித்தவன் பட்ட பாட்டை எனக்குப் பார்க்க வேண்டும். பேராவூரணி அண்ணன் சொன்ன பேச்சு விஷயமும் கிட்டத்தட்ட இதுதான் என்று படுகிறது.

தங்கச்சி அடுத்ததாக 'ரிப்ளை 1988' என்று ஆரம்பித்திருக்கிறாள், ஒரே தெருவில் நாலைந்து குடும்பம், 20 எபிசோட், ஒவ்வொன்றும் ஒரு சினிமா நீளம். சம்பா நாற்றங்கால் வேலை கிடக்கிறது. பார்த்தவர்கள் யாராவது முதல் இரண்டு எபிசோடைத் தாண்டினால் பிடித்துவிடுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பேராவூரணிக்காரன்:
முதல் எபிசோடிலேயே பிடித்துவிடும். வீட்டுக்கு வீடு குழம்புக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடும். பசியோடு மட்டும் உட்காராதீர்கள்.